மரத்தில் கட்டாத கயிறு

பட்டறையில் நாங்கள் சாப்பிடும் அறையின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே சனிக்கிழமை, காலை ஆறு மணி என்று போட்டு, கீழே பெயர் எழுத ஐந்தாறு கோடுகள். நடுவில் 'புஷ்வாக்' என்று ஒரு சொல். பழுதுபார்க்க வந்து நிற்கும் ஏதோ கப்பலின் பெயராக இருக்கும், சனிக்கிழமை ஓவர்டைம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள் முதல் கோட்டில் என் பெயரை எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபோர்மேன் ஹாரல்ட் வந்து, "பூட்ஸ் இருக்கிறதா? மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிடாதே" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனபோதும் எனக்கு உறைக்கவில்லை. ஆபீஸில் டைப் அடிக்கும் டோரத்திதான் விளக்கிச் சொன்னாள். மலை ஏறப் போகிறார்களாம். பாதை பாதித் தூரம்தான் இருக்குமாம். அதற்குமேல் பாதையே இல்லாத காட்டில் புதரை விலக்கி, முட்டி மோதி, உச்சிக்குப் போகவேண்டுமாம். அதற்குத்தான் அந்தப் பெயர். சம்பளம் கிடையாது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள், நன்றாகச் சிரியுங்கள். தூத்துக்குடியில் ஆறு நாள் உடம்பு நோக உழைத்தவன் ஏழாம் நாள் பூசைக்குப் போவான், கறி எடுப்பான், மத்தியானம் பாயை விரித்துப் படுப்பான். மலைக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் உயரமாக நிற்பது மாதா கோயில் கோபுரமும் உப்பு அம்பாரமும்தான். இங்கே வான்கூவரில் ஜன்னலைத் திறந்தால் மலை. ஓய்வு நாள் வந்தால் போதும், வேலை நாளில் சுமப்பதைவிடக் கனமான பையைச் சுமந்துகொண்டு இந்த ஜனங்கள் அதில் ஏறுகிறார்கள். காரில் போகும்போது ஹாரல்டிடம், "ஏதாவது நேர்ச்சையா?" என்று கேட்டேன். நேர்ச்சை என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாம், எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்றார். மேலே என்ன இருக்கிறது என்று டோரத்தியிடம் கேட்டேன். "ஒன்றுமில்லை, மேலே போவதுதான்" என்றாள். நாலாவது ஆள் வெல்டர் வால்டர். என் பக்கத்து மேசையில் வேலை செய்கிறவன், என் வயதுதான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் பின்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. வியாழக்கிழமை வந்த அக்காவின் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அவள் எழுத்து பெரிது பெரிதாக இருக்கும், ஒரு ஏர் லெட்டரில் நாலு விஷயத்துக்குமேல் அடங்காது. "தம்பி, சீசன் வரப்போகுது. இந்த வருசமாவது வந்துருவியா? அத்தான் இப்பவும் கீழவைப்பாருல உப்பளத்துலதான் மூட்டை தூக்குதாக. திங்கக்கிழமை போனா சனிக்கிழமைதான் வாராக. 'மாப்ள வரட்டும், அவன் கையில கயிறக் குடுத்துட்டுதான் கடல்ல எறங்குவேன்'னு சொல்லுதாக. உன்னைத்தான் நம்பியிருக்கோம்." நானும் ஒவ்வொரு வருஷமும் பதில் எழுதுவேன். அடுத்த சீசனுக்கு நிச்சயம் வருகிறேன், அத்தானைப் பொறுத்துக்கொள்ளச் சொல், என்று. நிரந்தரமாக இங்கே தங்கிக்கொள்ளப் பேப்பர் வாங்கி ஒரு வருஷம் ஆகிவிட்டது. அதை நான் எழுதவில்லை. என் பொய் ஒன்றினால் சங்கு குளிப்பதில் பேர்போன ஒருவர் மூன்று சீசனாக உப்பு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். இது எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தேன்.

கயிறு விஷயத்தைக் கடற்கரைக்கு வெளியே உள்ளவர்களுக்குச் சொல்லவேண்டும். முத்துக்குளிப்பு நின்றபிறகு எங்கள் பக்கம் சங்குக் குளிப்புதான். குளிக்கிறவர் காலைக் கல்லில் ஊன்றி இறங்குவார். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுநுனி வள்ளத்தில் இருப்பவன் கையில். மூச்சு முட்டும்போது அவர் இரண்டு தரம் வெட்டி இழுப்பார். உடனே மேலே தூக்கவேண்டும். தூக்கத் தாமதித்தால் ஆள் இல்லை. அந்தக் கயிற்றை யார் பிடிப்பது? அண்ணன் தம்பி பிடிக்கக்கூடாது. சொத்து, பங்கு என்று அவர்களுக்குள் ஏதாவது இருக்கும். பெண்டாட்டியின் உடன்பிறந்தான்தான் பிடிக்கவேண்டும். தன் அக்கா தங்கச்சி தாலி அறுப்பதை எவனும் விரும்பமாட்டான் என்ற கணக்கு. அதனால் கயிற்றை வள்ளத்துக் கட்டையில் கட்டிவைக்கிற பேச்சே கிடையாது. கட்டைக்குத் தங்கச்சி உண்டா? அக்கா கல்யாணம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை அத்தான் கயிற்றை என் கையில் கொடுத்தார். அக்கா அன்றைக்கு ஒருநாள்தான் கரைவரைக்கும் வந்தாள். "பாத்துக்கோலே" என்றாள். அவ்வளவுதான். நாலு சீசன் நான் பிடித்தேன்.

மலையில் பாதை ஒரு நீரோடையோடு முடிந்துபோனது. அதற்குமேல் ஹாரல்ட் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டு நேராகப் புதருக்குள் நுழைந்தார். என்னைக் கடைசியில் வரச் சொன்னார். "உனக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது, அதுதான் உன் வேலை" என்றார். பெரிய பொறுப்புக் கொடுத்த மாதிரி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐயோ, அந்தப் புதர்! உடைமுள் காட்டில் நடந்தவன்தான் நான். அது குத்தும், ஆனால் வழி விடும். இது வழியே விடாது. இடுப்பளவு செடி காலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். தோளுக்குமேல் ஒரு செடி, இலை பெரிது, தண்டு முழுக்கப் பொடிமுள். முன்னால் போகிறவர் ஒதுக்கிவிட்ட கிளை திரும்பிவந்து முகத்தில் அறையும். விழுந்துகிடக்கும் மரத்தின்மேல் ஏறினால், உள்ளே உளுத்துப்போய் முழங்கால்வரை இறங்கும். மூன்று மணி நேரத்தில் நாங்கள் கடந்தது, ஊரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து பீச்சுக்குப் போகிற தூரம்கூட இருக்காது. டோரத்தி மட்டும் பாடிக்கொண்டே போனாள்.

உச்சி தெரிகிற தூரத்தில் ஒரு செங்குத்தான பள்ளம் குறுக்கே வந்தது. அடியில் தண்ணீர் பேரிரைச்சலோடு ஓடியது. புதர் மூடியிருந்ததால் அடி தெரியவில்லை. வால்டர் இறங்கி வழி பார்ப்பதாகச் சொன்னான். ஹாரல்ட் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து அவன் இடுப்பில் கட்டினார். மறுநுனியை என்னிடம் நீட்டி, "இதைப் பிடி, ஒரு நிமிஷம்" என்றார். அந்த நேரம் மேலேயிருந்து டோரத்தி கூப்பிட்டாள், சுற்றிப் போக வேறு வழி இருக்கிறது என்று. ஹாரல்ட் அதைப் பார்க்கப் போனார். வால்டர் இலைக்குள் இறங்கினான். முதலில் தொப்பி மறைந்தது, பிறகு ஒன்றும் தெரியவில்லை. கயிறு மட்டும் என் உள்ளங்கை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

நான் குத்தவைத்து உட்கார்ந்து, அவன் இறங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை தானாகப் பழைய பிடிக்குப் போய்விட்டது. கயிறு லேசாக அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. இரண்டு வெட்டு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. எழுந்து நின்று, காலை ஊன்றி, முழுப் பலத்தோடு இழுத்தேன். எங்கேயோ இறுகிக்கொண்டு நின்றது. வால்டர், வால்டர் என்று கத்தினேன். தண்ணீர் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இறங்கிப் போய்ப் பார்க்கவேண்டும். ஆனால் கயிற்றை என்ன செய்வது? விட்டுவிட்டு எப்படிப் போவது? என்னைப் பைத்தியக்காரன் என்று நினைப்பீர்கள். என் முழங்கைக்குப் பக்கத்தில், இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமனில் ஒரு மரம் நின்றது. அதன்மேல் நான் சாய்ந்துகூட இருந்தேன். அதில் கட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆணையாகச் சொல்கிறேன், தோன்றவே இல்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது நாலாவது சீசன்தான் ஞாபகம் வந்தது. புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த சமயம். வெளிக்கடலில் ஒரு பெரிய சரக்குக் கப்பல் நங்கூரம் போட்டிருந்தது. வெள்ளை மேல்கட்டு, நீல வரி. நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு முடித்திருந்தேன். அந்தக் கப்பலின் எஞ்சின் அறை எப்படி இருக்கும், என்னைப்போல ஒருவனை எடுப்பார்களா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் கயிறு வெட்டியது. உணர்ந்தேன், ஆனால் மனசுக்கு எட்டவில்லை. மறுபடி வெட்டியபோதுதான் பதறிப்போய்த் தூக்கினேன். அத்தான் மேலே வந்தார். மூக்கில் ரத்தம். வள்ளத்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினார். அவர் முகத்தைத் துடைத்துவிட்டுக் கப்பலைத் திரும்பிப் பார்த்தார். "கப்பலப் பாத்துக்கிட்டிருந்தியா மாப்ள?" என்றார். திட்டவில்லை. "ஆசையா இருந்தா போயிட்டு வாலே. பிடிக்கிற கையி ஒரு எடத்துலயும் மனசு ஒரு எடத்துலயும் இருந்தா ரெண்டு பேருக்கும் ஆகாது. அக்காட்ட இத சொல்லாத." நானும் சொல்லவில்லை. ஒரே ஒரு பயணம், அடுத்த சீசனுக்கு வந்துவிடுவேன் என்று அக்காவிடம் சத்தியம் பண்ணிவிட்டுக் கப்பல் ஏறினேன். பத்து மாதம் கப்பலில், பிறகு இந்த ஊரில் இறங்கிவிட்டேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்று பின்னால் சொன்னார்கள். மேகம் இறங்கி மரங்களை மூட ஆரம்பித்தது. வால்டர் கீழே கிடக்கிறான், கயிற்றின் மறுமுனையில் செத்துக் கிடக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். அவன் பெண்டாட்டியை ஒருதரம் பட்டறை வாசலில் பார்த்திருக்கிறேன், சின்னப்பெண். அவளிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று வாய்க்குள் இங்கிலீஷ் வாக்கியம் தேடினேன். அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது. திரும்பினால் வால்டர். முகம் சிவந்து, வாயில் ரொட்டியை மென்றுகொண்டு நிற்கிறான். நான் எழுந்து அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். வைத்துவிட்டு, வெட்கமில்லாமல் அழுதேன்.

விஷயம் இதுதான். கீழே இறங்கியதும் வால்டர் கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுபக்கம் ஏறிப் போயிருக்கிறான். அவிழ்த்த நுனி தண்ணீரில் ஒரு மரத்துண்டின் இடுக்கில் மாட்டிக்கொண்டது. ஓடை அதை ஆட்டிக்கொண்டிருந்தது. ஹாரல்ட் மேலேயிருந்து என்னை வரச்சொல்லிக் கத்தியிருக்கிறார், பதில் வந்தது மாதிரி இருந்ததாம். மூவரும் உச்சிக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்து, என்னைக் காணாமல் காத்திருந்து, சாப்பிட ஆரம்பித்தபிறகுதான் பயந்துபோய்த் தேடி வந்தார்கள். உச்சியை அன்றைக்கு யாரும் தொடவில்லை. மேகம் மூடிவிட்டது. ஹாரல்ட் என் கையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

"ஏன் மரத்தில் கட்டவில்லை?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல் கேட்டார். "உன் பக்கத்திலேயே மரம் இருக்கிறதே."

"கட்டக்கூடாது" என்றேன்.

"யார் சொன்னது?"

நான் சொல்லிப் பார்த்தேன். கடலில் இறங்குகிறவனுடைய மனைவியின் தம்பிதான் பிடிக்கவேண்டும் என்று, பாதி இங்கிலீஷிலும் பாதிக் கையாலும் சொன்னேன். டோரத்தி என் கையில் துணி சுற்றிக்கொண்டே வால்டரைப் பார்த்தாள். வால்டர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "ஆனால் நான் உன் அக்காவைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லையே?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இறங்கி வருகிற வழியெல்லாம் வால்டர் எனக்கு முன்னால் நடந்து, கிளைகள் என் முகத்தில் அடிக்காமல் பிடித்துப் பிடித்து விட்டான். கார் நிற்கிற இடம் வந்ததும், "எனக்காக யாரும் இப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில்லை" என்றான். நல்லவன் என்று என்னை நினைத்துக்கொண்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகாத ஒரு வெல்டருக்காகத் தோல் உரியக் கயிறு பிடித்த இந்தக் கை, பிடிக்கவேண்டிய கயிற்றை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. விட்டதைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டு தன் தொழிலைச் செய்திருப்பார்.

மறுநாள் பூசைக்குப் போய்வந்து ஏர் லெட்டரை எடுத்தேன். கையில் கட்டு, எழுத்துக் கோணல்மாணலாக வந்தது. நான் வரமாட்டேன் அக்கா, இங்கேயே இருக்கப் பேப்பர் வாங்கிவிட்டேன், மூன்று வருஷமாக எழுதியதெல்லாம் பொய், அத்தான் கயிற்றை வேறு யாரிடமாவது கொடுத்துக் கடலில் இறங்கட்டும், என்னை மன்னிக்கச் சொல், என்று எழுதினேன். நாலாம் சீசனில் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் எழுதினேன். ஒட்டித் தபாலில் போட்டதும், உண்மையைச் சொல்கிறேன், உடம்பு லேசாகிவிட்டது. அன்றைக்கு மூன்று வருஷத்தில் முதல்முறையாக ரசம் வைத்து வயிறாரச் சாப்பிட்டேன். பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டு வந்தவன் மாதிரி பட்டறையில் விசிலடித்துக்கொண்டு திரிந்தேன்.

நாலு வாரம் கழித்துப் பதில் வந்தது. அக்காவின் எழுத்து இந்த முறை சின்னதாக இருந்தது, நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள்.

"தம்பிக்கு, உன் கடுதாசிய அத்தானுக்கு வாசிச்சுக் காட்டினேன். நீ கப்பலப் பாத்தத வாசிக்கும்போது சிரிச்சாக. 'அவன் வரமாட்டான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ளா'ன்னு சொன்னாக. எப்பிடித் தெரியும்னு கேட்டேன். கேக்கக் கேக்க எல்லாம் வெளிய வந்துச்சு. உப்பளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ போன முதல் சீசன்லருந்து கீழவைப்பாருல சங்குதான் குளிக்குதாக. கயிறு பிடிக்கது அந்த ஊர்க்காரன் ஒருத்தனாம், ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல. நான் பயப்படுவேன்னு உப்பளம்னு சொன்னாகளாம். உனக்கும் நான் அதயே எழுதிக்கிட்டிருந்தேன். நீயும் பொய் சொன்ன, அவகளும் பொய் சொன்னாக. ரெண்டு பேரும் என்ன நல்லா வச்சிருந்தீக. மூணு வருசம் நான் நிம்மதியா ஒறங்கினேன். தம்பி வந்துதான் அவக கடல்ல எறங்குவாகன்னு இருந்தேன். இப்ப எல்லாம் சொல்லியாச்சு. உனக்குப் பாரம் எறங்கியிருக்கும். அவகளுக்கும் எறங்கிருச்சு, இனிமே மறைக்கவேண்டாம்னு அந்த ஆளையே கூட்டிக்கிட்டு இங்கன நம்ம கரையிலருந்தே போறாக. நான் வேண்டாம்னு சொன்னா கேக்கல. விடியக்காலம் வள்ளம் கெளம்பினா திரும்பி வார வரைக்கும் கரையிலயே நிக்கேன். உன் மேல கோவம் இல்லலே. ஆனா நீ எழுதாமயே இருந்திருக்கலாம். கயிறு இப்ப என் கையிலதான் இருக்கு."

நான் அதைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். அந்தக் கயிறு என் கையில் கொடுக்கப்பட்டதே அவளுக்காகத்தான். நான் மன்னிப்புக் கேட்டதோ அத்தானிடம். அவளை நினைக்கவே இல்லை. என் மனசு லேசாக வேண்டும் என்று, ஒன்றுமறியாமல் தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பிக் கரையில் நிறுத்திவிட்டேன். அத்தானை நிறுத்தச் சொல்லி எழுதலாமா என்று பார்த்தேன். எந்த முகத்தோடு எழுதுவது? பிடிக்க வராதவன் இறங்காதே என்று சொல்ல முடியுமா? ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று இரண்டு நாள் வீராப்பாக இருந்தேன். மூன்றாம் நாள் குளிருக்குப் புதுக் கோட்டு வாங்கினேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது இங்கே குளிர்காலம். நாலரை மணிக்குப் பட்டறையில் சைரன் ஊதும்போது ஊரில் மறுநாள் காலை ஆறு. வள்ளம் கடலுக்குள் போயிருக்கும். அத்தான் முதல் முழுக்குப் போடுகிற நேரம். நான் பஸ் நிறுத்தத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு நிற்கிறேன். காரணம் கேட்காதீர்கள், உறை போட்ட கையோடு அந்த நேரத்தில் நிற்க முடியவில்லை. பஸ் வருகிறது, கதவு திறக்கிறது. என்னைத் தினமும் பார்க்கிற ஓட்டுநர், விறைத்துப்போகிறாய், ஏறு என்கிறார். அவள் இன்னும் கரையில்தான் நிற்கிறாள். அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்கிறேன்.